வாடாத இலை யாருக்கு?

சங்கீதப் புத்தகத்தைத் திறந்ததும் நம்மை எதிர்கொள்வது ஒரு மரம். நீர்க்கால் ஓரமாக நடப்பட்டது, பருவம் தவறாமல் காய்ப்பது, இலை வாடாதது. வேதத்தில் மனம் வைத்து வாழ்கிறவன் அந்த மரத்தைப் போலிருப்பான் என்கிறார் பாடியவர். துன்மார்க்கனுக்கு அவர் ஒரு மரத்தைக்கூடக் கொடுக்கவில்லை. அவன் காற்றில் பறக்கிற பதர். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் மனப்பாடம் செய்விக்கிற பகுதிகளில் இதுவும் ஒன்று. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கத்து லைன் வீட்டில்.

தங்கவயலில் ஆறு கிடையாது. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வரும். லைனுக்குப் பொதுவான குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் ஊரைச் சுற்றி மேடுமேடாகக் கிடந்தது. பங்குனி, சித்திரைக் காற்று அதை அள்ளிவந்து சோற்றுத் தட்டில் போடும். அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஆற்றங்கரை மரம் என்பது வேதாகமத்தில் மட்டும் நின்ற மரம். "நாம நேர்மையா இருந்தா ஆண்டவர் நம்மளயும் தண்ணி ஓரமா நட்டு வெப்பாரு பாப்பா" என்பார் அப்பா. சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்த மனுஷன் தண்ணீரைப் பரிசாக எண்ணியதில் வியப்பில்லை. பிரசங்கங்களிலும் அன்றைக்கும் இன்றைக்கும் இதே விளக்கம்தான்: நீதி செய், நீர் கிடைக்கும்.

பிறகு பெங்களூருக்கு வந்து தாவரவியல் படித்தேன். அதையே கல்லூரியில் கற்பித்து ஓய்வுபெற்று இப்போது காக்ஸ் டவுனில் இருக்கிறேன். மரங்களைத் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, அந்த முதல் சங்கீதத்தைப் பழையபடி வாசிப்பது கடினமாகிக்கொண்டே வந்தது. 2024 மார்ச்சில் அந்தச் சங்கடம் வெளிப்படையான கேள்வியாக என் முன்னால் வந்து நின்றது.

அந்த மாதம் பெங்களூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர்ப் பேச்சுதான். நகரத்தின் ஏறக்குறைய 14,000 பொது ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக அரசே சொன்னது. குடிநீரில் கார் கழுவினாலும் தோட்டத்துக்கு ஊற்றினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. லெந்து காலம் வேறு. எங்கள் வட்டார ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து சாட்சி சொன்னார். "சுத்தியிருக்கிற எல்லா அபார்ட்மென்ட்லயும் போர் வத்திடுச்சு. எங்களோடது மட்டும் ஓடிட்டே இருக்கு. எல்லாம் ஆண்டவர் கிருபை." எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். மகாதேவபுரா பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த இன்னொரு சகோதரி மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் வீட்டுப் போர் வற்றி வாரக்கணக்காகிவிட்டது; லாரித் தண்ணீரில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

சாட்சி சொன்னவரை நான் குறை சொல்ல மாட்டேன். கிடைத்ததற்கு நன்றி சொல்வது தேவபக்தியின் முதல் படி. ஆனால் அந்த அறையில் அன்று நன்றி சத்தமில்லாமல் தீர்ப்பாக மாறியது. போர் ஓடுகிறவள் ஆசீர்வதிக்கப்பட்டவள் என்றால், போர் வற்றியவள் யார்? சங்கீதக்காரர் மரத்தை எடுத்துக்காட்டியது இந்தப் பொருளில்தானா? இதற்கு விடை தேட வேண்டுமென்றால் அந்த மரத்தையே போய்ப் பார்ப்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. உவமையைச் சொன்னவர் மரத்தைப் பார்த்துத்தானே சொல்லியிருப்பார்.

அவர் பார்த்த மரம் யோர்தான் கரையிலோ யூதேயாவின் வறண்ட மலைகளுக்கிடையே ஓடும் ஓடையோரத்திலோ நின்றிருக்கும். அதற்கு நெருங்கிய உறவுள்ள காடு ஒன்று பெங்களூரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில், காவிரிக்கரையில் இருக்கிறது. கனகபுரா சாலையில் போய் ஹலகூரில் திரும்பினால் முத்தத்தி. 1987-ல் அறிவித்த காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கும் ஊர். சீதை ஆற்றில் தவறவிட்ட நகையை அனுமன் வாலால் துழாவி எடுத்துக்கொடுத்த இடம் என்பது ஊர் வழக்கு. அந்த ஆஞ்சநேயர் கோயிலுக்குத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். கோயிலைத் தாண்டிக் கரையோரமாக நடக்க வேண்டும்.

சுற்றியுள்ள மலைகள் பாலைவனம் அல்ல, மழை காணும் மலைகள்தான். ஆனால் பாலை என்று தனியே ஒரு நிலம் இல்லை, காடும் மலையும் வெயிலில் நலிந்து எடுக்கும் கோலமே அது என்று இளங்கோவடிகள் சொன்ன கணக்கின்படி, ஏப்ரல் மாதத்து முத்தத்தி மலைகள் பாலைதான். துரிஞ்சில், இலந்தை, வேலம் எல்லாம் இலையுதிர்த்து முள்ளும் குச்சியுமாக நிற்கும். பாறை காலணியையும் மீறிச் சுடும். அதற்குக் கீழே ஆற்றின் இரு பக்கமும் அடர்பச்சையில் ஒரு கோடு. சில இடங்களில் இருபது முப்பது எட்டு வைத்தால் கடந்துவிடலாம், அவ்வளவே அகலம். அந்தக் கோட்டுக்குள் நுழைந்தால் வெயில் சட்டென்று தணிகிறது. புங்கன், நாவல், புளி, அத்தி. எல்லாவற்றுக்கும் மேலே நீர்மருது.

நீர்மருதை அங்கே கன்னடத்தில் ஹொளெமத்தி என்கிறார்கள். வெளிறிய சாம்பல் நிறப் பட்டை தகடு தகடாக உரியும். உரிந்த இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும். இலையைத் திருப்பிப் பார்த்தால் காம்பு சேருமிடத்தில் கடுகளவில் இரண்டு சுரப்பிகள். காய் கட்டை போல் இறுகியது, நெடுக்காக ஐந்து இறக்கை கொண்டது. ஆற்றில் போட்டுப் பார்த்தேன். மிதந்து சுழியில் ஒரு சுற்று சுற்றி ஓட்டத்தோடு போனது. மருது தன் பிள்ளைகளை ஆற்றிடம் ஒப்படைத்துத்தான் வளர்க்கிறது. வேர்களின் அடிமண்ணைப் பழைய வெள்ளங்கள் அரித்துப்போயிருக்கின்றன. மனிதன் உள்ளே குனிந்து நுழையுமளவு இடைவெளி விட்டு வேர்கள் பாறையைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. தலைக்கு மேலே, நான் கையை உயர்த்தினாலும் எட்டாத கிளையில், போன மழைக்காலத்து வெள்ளம் விட்டுப்போன சருகும் கந்தைத் துணியும் சிக்கிக் கிடந்தன.

இலை வாடாதது என்கிறதே சங்கீதம், அதையும் கவனித்தேன். மருது கோடையில் பழைய இலைகளை உதிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் மொட்டையாகிப் பல மாதம் நிற்பதில்லை; மலை காய்ந்து கிடக்கும்போதே புதுத் தளிர் விட்டுவிடுகிறது. காரணம் எளிது. ஆறு தன் கரைக்குள்ளேயும் ஓடுகிறது. மணலுக்கடியில், மேலே ஓடும் நீரோடு தொடர்புள்ள இன்னொரு நீர் நிற்கிறது. மருதின் வேர் அங்கே இருக்கிறது. மேலே மழை பெய்ததா இல்லையா என்பது அதற்கு உடனடிக் கவலை இல்லை.

கரையிலிருந்து மலைப்பக்கம் கொஞ்சம் ஏறினால் ஆச்சா மரம். வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தாற்போல் இரண்டிரண்டாகச் சேர்ந்த இலை. அதன் கன்று முதலில் மேலே வளர்வதைவிடக் கீழேதான் அதிகம் வளரும். பாறை வெடிப்பில் வேரை இறக்கி ஈரத்தைத் தேடிப் பிடித்த பிறகே தலையெடுக்கும். என்னைப் பரிசலில் அக்கரைப் பக்கம் கொண்டுபோய்க் காட்டியவர் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் வயதானவர். எந்த மரம் கெட்டி என்று அவரிடம் கேட்டேன். "ஆச்சாவுக்கு ஆறு வேணாம்மா, கல்லு போதும். மத்தி அப்படி இல்ல. ஆறு போச்சுன்னா மத்தியும் போச்சு" என்றார்.

என் கேள்விக்கு அவர் பதிலில் பாதி விடை இருந்தது. தகுதியைப் பார்த்துத் தண்ணீர் கொடுப்பதானால் ஆச்சாவுக்குத்தான் கொடுக்க வேண்டும். உழைத்தது அது, பொறுத்தது அது. மருது ஆற்றங்கரைக்குத் தானாக நடந்து வந்ததில்லை. மிதந்து வந்த விதை ஒதுங்கிய இடம் அது. சங்கீதக்காரரும் மரம் 'நடப்பட்டது' என்றுதான் சொல்கிறார். நட்டவர் ஒருவர் இருக்கிறார், மரத்தின் சாமர்த்தியத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நல்லவர் வயலுக்கும் கெட்டவர் வயலுக்கும் மழை ஒன்றாகவே பெய்கிறது என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதும் இதற்குப் பொருந்தி வருகிறது. நீருக்குப் பக்கத்தில் இருப்பது நீதிக்குச் சான்று ஆகாது. இருப்பிடம் ஒரு கொடை, அவ்வளவுதான். மலைச்சரிவில் நிற்பதும் சாபத்துக்குச் சான்று ஆகாது.

இதில் எரேமியாவோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவரும் நீரோர மரத்தைப் பாடுகிறார். ஆனால் மனிதரை நம்பிக் கர்த்தரை விட்டவனுக்கு உவமையாகப் பாலைவனத்துச் செடியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அந்தச் செடிக்கு நன்மை வருவதே தெரியாதாம். அவர் ஊரான ஆனதோத், யூதேயா வனாந்தரத்தின் விளிம்பில் இருந்தது; வறட்சியை அறியாதவர் அல்ல. வறட்சியைக் குறித்து அவர் பாடிய புலம்பலில் குட்டியை விட்டு ஓடும் மானையும், மேட்டில் நின்று மூச்சுக்குத் திணறும் காட்டுக்கழுதையையும் வாசிக்கும்போது கண் கலங்கும். அப்படிப்பட்டவர் செடியைத் தண்டனையின் சின்னமாக்கியது எனக்கு ஒப்பவில்லை. தங்கவயல் குழாயடியில் நின்ற எங்கள் அம்மாக்கள் எந்தச் சாபத்தில் நின்றார்கள்? மனந்திரும்பாத அரசர்களைப் பார்த்துப் பேசிய கோபம் அது, செடியைப் பார்த்துப் பேசியதல்ல என்று எடுத்துக்கொள்கிறேன். உவமையின் நோக்கத்தை விட்டுவிட்டு அதைக் கொண்டு மனிதர்களைத் தரம் பிரிக்கும்போதுதான் கேடு வருகிறது.

என்னோடு துறையில் இருந்த தோழி கும்பகோணத்துக்காரர், ஆழ்ந்த சிவபக்தி உள்ளவர். இந்த விஷயத்தைப் பேசியபோது அவர் வேறொரு வாசலைத் திறந்தார். சைவர்களுக்கு மருது மூன்று இடத்தில் தெய்வத்தின் மரம். கிருஷ்ணைக் கரையில் ஸ்ரீசைலம் தலைமருது. காவிரி நாட்டில் திருவிடைமருதூர் இடைமருது. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் கடைமருது. மூன்றும் ஆற்றை ஒட்டிய தலங்கள். "எங்க ஊர்ல மருது நல்லவனுக்கு உவமை இல்ல. சாமி வந்து உட்கார்ற நிழல்" என்றார். திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றியுள்ள பெரிய மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. 2005-ல் அந்த இடம் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. தோழி சொன்னதில் எனக்குப் பிடித்தது, அங்கே மரத்தின் புண்ணியத்தை யாரும் அளப்பதில்லை என்பது. மரத்தடியில் யார் வந்து தங்குகிறார்கள் என்பதுதான் கணக்கு.

முத்தத்தியிலும் அந்தக் கணக்கைப் பார்க்கலாம். மருதின் உச்சியில் நரை அணில் கூடு கட்டுகிறது. இலையும் குச்சியும் திணித்த பெரிய உருண்டைக் கூடு. பூனை நீளத்துக்கு வளரும் அணில். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலும் இலங்கையிலும் காவிரிக்கரை உள்ளிட்ட வேறு சில இடங்களிலும் மட்டுமே வாழ்கிறது. அது கூடியவரை தரையிறங்காது. கிளையிலிருந்து கிளைக்குத் தாவியே வாழ்க்கை. அதனால் ஒரு மரம் போதாது, கைகோத்து நிற்கும் மர வரிசை வேண்டும். நாலு மரம் விழுந்தால் அதற்குப் பாதை அறுந்துவிடும். அத்தியும் நாவலும் ஆற்றில் விழுந்தால் மகசீர் மீன் காத்திருந்து விழுங்குகிறது. காவிரியின் அந்தப் பெரிய திமில் மகசீர் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018-ல் உலகப் பட்டியலில் சேர்த்தார்கள். உதிரும் இலை நீர்ப்பூச்சிகளுக்கு உணவு, பூச்சி மீனுக்கு, மீன் நீர்நாய்க்கு. நிழல் இருப்பதால் கரையோரத் தண்ணீர் வெந்துபோவதில்லை. கோடையில் மலையிலுள்ள யானையும் மானும் இறங்கிவருவதும் இந்தப் பச்சைக் கோட்டுக்குத்தான். வாங்கிய நீரை மருது தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. வறண்ட மலை முழுவதும் கோடையைத் தாண்டுவது அந்தக் குறுகிய வரிசையை நம்பி.

ஆப்பிரிக்காவின் நாமிப் பாலைவனத்தில் இதைவிடக் கடுமையான சான்று இருக்கிறது. அங்கே குய்செப் என்ற ஆறு வருடத்தில் சில நாள் ஓடினால் பெரிது. ஓடாத வருடங்களும் உண்டு. ஆனால் அதன் மணல் படுகைக்கடியில் நீர் தங்குவதால் இரு கரையிலும் பெரிய மரங்கள் நிற்கின்றன. தெற்கே கடல்போல் மணல் குன்றுகள். அவை வடக்கே நகர்ந்துவருவது அந்த ஆற்றோடு நின்றுவிடுகிறது. எப்போதோ வரும் வெள்ளம் படுகைக்குள் சரிந்த மணலை அள்ளிக்கொண்டு போகிறது. கரை மரங்களில் ஒன்று ஆனா மரம், நம் வேலத்துக்குப் பங்காளி. மழைக்காலத்தில் இலை உதிர்த்து, வறட்சியில் தழைக்கிற வழக்கம் கொண்டது. அதன் காய்களை நம்பித்தான் தோப்னார் மக்கள் அங்கே ஆடு வளர்க்கிறார்கள். எல்லோரும் பசித்திருக்கும்போது தழைப்பதற்கென்றே படைத்த மரம். சங்கீதக்காரர் சொன்ன 'தன் காலத்தில் கனி தருவது' எனக்கு இந்த மரத்தில் புரிந்தது. எது தன் காலம்? அடுத்தவனுக்குத் தேவையான காலம்.

சங்கீதம் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும்: வெள்ளம். நீரோர வாழ்க்கை சுகவாசம் என்று நினைப்பவர்கள் ஆடி மாதத்தில் காவிரியைப் பார்க்க வேண்டும். கிளையில் தொங்கிய கந்தை நினைவிருக்கட்டும். அந்த உயரத்துக்கு ஆறு வந்து மரத்தை உலுக்கிப் போயிருக்கிறது. ஆனால் அந்த அடி இல்லாமல் அடுத்த தலைமுறை இல்லை. அமெரிக்காவின் வெப்பப் பாலைவன ஆறுகளில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே கரையில் நிற்கும் காட்டன்வுட் மரத்தின் விதை சில வாரம்தான் உயிரோடு இருக்கும். வெள்ளம் வடிந்து புதிதாக வெளிப்பட்ட ஈர மணலில் அது விழ வேண்டும். பிறகு நிலத்தடி நீர் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் நாற்றின் வேரால் துரத்திப் பிடிக்க முடியாது, காய்ந்துவிடும். அணை கட்டி ஆற்றை ஒரே அளவில் ஓடவிட்டால் கிழட்டு மரங்கள் நின்றுகொண்டிருக்கும், கன்று ஒன்றும் இருக்காது. கொலராடோ ஆற்றில் நடந்தது அதுதான். அமெரிக்காவும் மெக்சிகோவும் ஒப்பந்தம் செய்து 2014 மார்ச் முதல் மே வரை ஏறத்தாழ 13 கோடி கனமீட்டர் தண்ணீரை வறண்ட கழிமுகத்துக்குத் திறந்துவிட்டார்கள். பல வருடமாக மணலாகக் கிடந்த படுகையில் ஆறு ஓடியது. தங்கள் ஊர் ஆற்றை முதன்முதலாகப் பார்த்த பிள்ளைகள் தண்ணீரில் ஆடினார்கள். காட்டன்வுட்டும் வில்லோவும் முளைத்தன. மரத்துக்கு அளந்து ஊற்றும் தண்ணீர் போதாது. ஆறு ஆறாகவே வர வேண்டும்.

யோர்தானுக்கே அந்தக் கதி வந்துவிட்டது. அதன் கரைப் புதரிலிருந்து சிங்கம் எழும்பி வருவதை எரேமியா உவமையாகச் சொல்கிறார். அவ்வளவு அடர்ந்த காடு. இயேசு ஞானஸ்நானம் பெற்ற நீர். 1964-ல் இஸ்ரேல் தன் தேசியக் குழாய்வழியைத் திறந்தது. சிரியாவும் யோர்தான் நாடும் துணையாறுகளைத் திருப்பின. கலிலேயாக் கடலுக்குத் தெற்கே இன்று ஓடுவது பழைய நீரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சங்கீதத்தின் மரம் நின்ற வேதாகம நிலத்திலேயே நீதிமான்களும் மற்றவர்களும் சேர்ந்து அந்த மரத்தின் வேரிலிருந்து நீரை இழுத்துவிட்டோம்.

இதைச் சொல்ல எங்கள் நகரத்துக்கு ஒரு தனி வெட்கம் உண்டு. முத்தத்திக்குப் போகும் அதே பக்கம்தான் தொரெகாடனஹள்ளி இருக்கிறது. காவிரி நீர் அங்கே சுத்திகரிக்கப்பட்டு, ஹாரோஹள்ளியிலும் தட்டகுனியிலும் மறுபடி மறுபடி மேலேற்றப்பட்டு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரமும் ஐந்நூறு மீட்டர் உயரமும் கடந்து எங்கள் குழாய்க்கு வருகிறது. 1974-ல் முதல் கட்டம். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக. பெங்களூர் எந்தப் பெரிய ஆற்றின் கரையிலும் நடப்பட்ட ஊர் அல்ல. ஆற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட ஊர். எங்கள் வாடாத இலைக்கு அதுதான் காரணம். எடுத்த நீரைத் திருப்பிக் கொடுக்கும் விதமோ இன்னும் மோசம். நகரத்தின் மேற்குச் சாக்கடை விருஷபாவதியில் விழுந்து, பைரமங்கலா ஏரி வழியாக அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரியைச் சேர்கிறது. பசவனகுடி நந்தியின் காலடியில் பிறப்பதாக மக்கள் கும்பிடுகிற ஆறு அந்த விருஷபாவதி. காக்ஸ் டவுன் பக்கத்துக் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையாகி ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. மருது கீழ்க்கரைக்கு விதையையும் நிழலையும் அனுப்புகிறது. நாங்கள் அனுப்புவது இது.

சங்கமத்துக்குச் சற்றுக் கீழேதான் மேக்கேதாட்டு. 67.16 டிஎம்சி கொள்ளளவில் அங்கே அணை வந்தால் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் மூழ்கும், பெரும்பகுதி காடு. கர்நாடகம் பெங்களூரின் தாகத்தைச் சொல்கிறது, தமிழ்நாடு டெல்டாவின் பயிரைச் சொல்கிறது. பெங்களூரில் வாழும் தமிழச்சிக்கு இரண்டு தாகமும் தெரியும். இரண்டையும் பொய்யென்று சொல்ல என்னால் முடியாது. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் 740 டிஎம்சியைப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்கென்று 10 டிஎம்சி ஒதுக்கியது. 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கை மாற்றி, பெங்களூருக்கு 4.75 டிஎம்சி கூட்டியபோதும் அந்தப் பத்து அப்படியே இருந்தது. நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. ஆனாலும் மனிதரல்லாதவற்றுக்கும் ஆற்றில் உரிமை உண்டென்று நீதிமன்றம் எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது. அந்தப் பத்தைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. சபைகளும் பேசவில்லை, கோயில்களும் பேசவில்லை. ஆற்றுக்கு ஆரத்தி எடுக்கிறோம், ஆற்று நீரில் ஞானஸ்நானம் கொடுக்கிறோம். கரை மரத்தின் பங்கைக் கேட்பதும் அதே பக்தியைச் சேர்ந்த வேலை என்று நான் நம்புகிறேன்.

அந்த நம்பிக்கைக்கு வேதாகமத்திலேயே ஆதாரம் உண்டு. முதல் சங்கீதத்தின் மரத்தை எசேக்கியேல் மறுபடி எடுத்து நடுகிறார். பாபிலோனுக்குச் சிறைபோய், அந்நிய ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் அவர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். தேவாலயத்தின் வாசற்படிக்கு அடியிலிருந்து நீர் புறப்பட்டுச் சாக்கடலை நோக்கி ஓடுவதாக அவர் காண்கிறார். கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு, பிறகு நீந்தினால்தான் கடக்கலாம் என்ற அளவு. கீழே போகப் போகப் பெருகுகிற ஆறு. இரு கரையிலும் மரங்கள். அவற்றின் இலையும் வாடாது. ஆனால் இங்கே நீதிமான் என்ற பேச்சே இல்லை. கனி உணவுக்கு, இலை மருந்துக்கு என்று முடிக்கிறார். மருதம்பட்டையை இருதய நோவுக்குக் கஷாயம் வைத்துக் குடித்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தரிசனத்தில் எனக்குப் பிடிபடாத ஒரு வரி உண்டு: சதுப்பும் சேறும் மட்டும் சொஸ்தமாகாமல் உப்புக்கு விடப்படும் என்கிறார். ஏன் அவற்றை விட்டார்? உப்பும் வேண்டுமென்பதற்காக என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அது போதவில்லை.

ஐந்தாம் கட்டம் திறந்து சில மாதம் கழித்து, மகாதேவபுரா சகோதரி ஜெபக்கூட்டத்தில் எழுந்தார். அவர் வீட்டுக்கும் காவிரி இணைப்பு வந்துவிட்டது. ஸ்தோத்திரம் சொன்னார், அதற்குமேல் சாட்சியை நீட்டவில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு பெண், மென்பொருள் வேலையில் இருப்பவள், நான் இதையெல்லாம் பேசக் கேட்டுக் கேட்டு அலுத்திருக்க வேண்டும். "அப்போ ஆசீர்வாதம்னு ஒண்ணு கிடையாதா ஆன்ட்டி? தண்ணி வந்தா சந்தோஷப்படக்கூடாதா?" என்று நேராகவே கேட்டாள்.

"சந்தோஷப்படணும்மா. ஆசீர்வாதம் இருக்கு. அது நம்மகிட்ட வந்ததோட முடிஞ்சுபோச்சுன்னு மட்டும் நெனைக்கக்கூடாது" என்றேன்.

"முடியலன்னா அடுத்து எங்க போகுது?"

அவள் கேட்டது வேதப்பொருளில்தான். ஆனால் மகாதேவபுரா சகோதரி அதைத் தண்ணீரைப் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, தங்கள் ஏரியில் நுரை வந்த வருடங்களைச் சொல்லத் தொடங்கினார். நான் கெலவரப்பள்ளியைச் சொன்னேன். பேச்சு நீண்டது. சபை வளாகத்துக் கழிவுநீர் வாரியத்தின் குழாயில் சேர்கிறதா, மழைநீர் போக வேண்டிய ராஜகாலுவேயில் விழுகிறதா என்று கேட்டால் அங்கே ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரமே பிளம்பரை அழைத்து மூடிகளைத் திறந்து பார்ப்பதென்றும், ராஜகாலுவேயில் விழுந்தால் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் முதல் செலவாக அதை மாற்றுவதென்றும் பேசி வைத்திருக்கிறோம்.